மச்சுக்குக் கீழே இருந்த லாத்தா

மேலே என்ன பேசினார்கள் என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டபோது லாத்தா கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை.

“ரெண்டு இஞ்சி டீ, ஒரு சுக்குக் காபி, ஒரு தட்டு இறால் வாடா,” என்றார்.

“நான் அதைக் கேக்கலை.”

“எனக்குக் கேட்டது அவ்வளவுதாங்க சார்.”

சப் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். முதல்நாள் அந்தக் கடையின் மச்சில் உட்கார்ந்து இரண்டு படகுக்காரர்கள் சண்டை போட்டிருந்தார்கள். மறுநாள் காலையில் ஒருவருடைய வலை கண்டதுண்டமாகக் கிடந்தது. மற்றவர் மிரட்டினாரா இல்லையா என்று லாத்தா ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆளைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். கடையில் இருந்த நாங்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றோம். லாத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “சாருக்கு ஒரு டீ, சக்கரை கம்மியா,” என்று கொழுந்தனாரைப் பார்த்துச் சொன்னார். சப் இன்ஸ்பெக்டர் டீயைக் குடித்துவிட்டுப் போனார். நாலைந்து நாளில் அந்த இரண்டு படகுக்காரர்களும் அதே மச்சில் உட்கார்ந்து பேசி முடித்துக்கொண்டார்கள். வழக்கு இல்லை, கோர்ட் இல்லை.

லாத்தா என்றால் முஸ்லிம் வீடுகளில் அக்கா. மீன்காரத் தெருவிலிருந்து போகிற எங்களுக்கும் அவர் லாத்தாதான். சொந்தப் பெயர் என்னவென்று நான் கேட்டதும் இல்லை, யாரும் சொன்னதும் இல்லை.

எங்கள் ஊர் அதிராம்பட்டினத்துக்குப் பக்கத்தில், கடலுக்கும் வயலுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஊர். கடைத்தெரு முனையில் இருந்த லாத்தாவின் கடையைப் பலகைக் கடை என்பார்கள். அவருடைய மாமனாரின் பாட்டனார் ரங்கூனில் வியாபாரம் செய்தவராம். கப்பலில் தேக்கு கொண்டுவந்து கட்டிய கட்டடம். தூண், உத்தரம், மாடிப்படி, மேல்தளம், மேலே நாலு பக்கச் சுவர்கூடப் பலகைதான். உப்புக் காற்று எங்கள் வீட்டுச் சுவர்களையெல்லாம் அரித்துத் தின்றது. அந்தத் தேக்கை ஒன்றும் செய்யவில்லை. கீழே டீக்கடை. மேலே இருந்த கூடத்தைத்தான் மச்சு என்போம். அங்கே நீளமான பெஞ்சுகளும் கடல் பக்கம் பார்த்த ஜன்னல்களும் இருந்தன. ஊரில் எந்தக் காரியமும் அந்த மச்சில் பேசாமல் முடியாது. படகுப் பங்கு, பாகப்பிரிவினை, சம்பந்தம், வளைகுடா விசா, பெருநாள் வசூல், கோயில் திருவிழா என்று எல்லாம் அங்கேதான். முஸ்லிம்கள் பேசிவிட்டு இறங்கினால் மீன்காரத் தெரு ஆட்கள் ஏறுவார்கள். வயல்காட்டிலிருந்து வருகிறவர்களும் ஏறுவார்கள்.

கடையைக் குடும்பமே நடத்தியது. கணவர் மௌத்தான பிறகு லாத்தா கல்லாவில் உட்கார்ந்தார். பொம்பளை கல்லாவில் உட்காரலாமா என்று கொஞ்ச நாள் பேசினார்கள். பிறகு அவர் இல்லாத நாளில் அப்படிப் பேசியவர்களுக்கே கடைக்குப் போகப் பிடிக்கவில்லை. கொழுந்தனார் டீ ஆற்றுவார். மகள் பின்கட்டில் இறால் வைத்து வாடா சுடுவாள்.

லாத்தாவிடம் ஒரு பேச்சு உண்டு. யாராவது அடுத்தவனைப் பற்றி அவரிடம் துருவினால், “இங்க டீதான் விலைக்கு. சேதி இல்லை,” என்பார். சிரித்துக்கொண்டு சொல்வார். ஆனால் அதற்கு மேல் ஒருவராலும் நகர்த்த முடியாது.

ஒருமுறை மதிப்பான ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தனியாக மச்சுக்கு ஏறினார். கொஞ்ச நேரத்தில் லாத்தா கொழுந்தனாரிடம், “ரேடியோவைக் கொஞ்சம் ஏத்து,” என்றார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஜவுளிக்கடைக்காரர் இறங்கி வந்தபோது கண் சிவந்திருந்தது. லாத்தா அவரை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

எல்லோருமே அவரை வாழ்த்தினார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு பெண் கடை வாசலில் வந்து நின்று, “என் புருஷன் மச்சுல யாரோட என்ன பேசுறாருன்னு உங்களுக்குத் தெரியும். எனக்குச் சொல்ல மாட்டீங்கள்ல?” என்று கேட்டதை நான் பார்த்தேன். லாத்தா கல்லாப்பெட்டியை மூடினார். “உங்க வயித்துலயும் பொண்ணு பொறந்திருக்கு,” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போனாள். அன்று முழுக்க லாத்தா ஒருவரோடும் சிரிக்கவில்லை. ஆனாலும் சொல்லவில்லை.

அந்த வாய்ப்பூட்டு எங்கள் வீட்டுக்குள் வரும் என்று நான் நினைத்ததில்லை.

என் அண்ணன் மீன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். ஹெவி லைசென்ஸ் எடுத்திருந்தான். வெளிநாட்டில் டிரைவராகப் போக வேண்டும் என்பதுதான் அவன் பேச்சு. லாத்தாவின் மருமகன் விசா ஏஜென்ட். எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அப்படி அவர் லாத்தாவின் வீட்டிலேயே இருந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை, எல்லோருக்கும் சலாம், வணக்கம். அண்ணனை மச்சுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, “கம்பெனி வண்டி தம்பி. ஏசி ரூமு. நீ ஸ்டியரிங்கைப் புடிச்சாப் போதும்,” என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அண்ணன் பாஸ்போர்ட்டைக் கொடுத்தான். நாங்கள் இறங்கி வந்தோம். அவர் போன் பேசிக்கொண்டு மேலேயே இருந்துவிட்டார். கல்லாவைத் தாண்டும்போது அண்ணன், “லாத்தா, விசா வந்துருச்சுன்னு வைங்க, ஊருக்கே டீ நான்தான்,” என்றான். லாத்தா அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணன் போனான். போய் இறங்கியதும் ஒரு குரல் பதிவு அனுப்பினான். அதன்பிறகு ஒன்றும் இல்லை. அம்மா போனை முந்தானையில் முடிந்துகொண்டே மீன் விற்கப் போனாள். ஏஜென்டைக் கேட்டால், “டிரெயினிங்ல இருப்பான், டவர் கெடைக்காது,” என்றார். எங்களுக்கும் நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள். நான் வேலை பார்த்த படகு இன்ஜின் சாமான் கடையில் வியாபாரம் இல்லை என்று பலகைக் கடைக்கு வந்து உட்கார்ந்திருந்தேன். கடையில் கூட்டம் இல்லை. கொழுந்தனார் பால் வாங்கப் போயிருந்தார். அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று லாத்தா எழுந்தார்.

“தம்பி, செத்த நேரம் கல்லாவைப் பாத்துக்க. தொழுதுட்டு வந்துர்றேன்.”

அவருடைய நாற்காலியில் அதுவரை நான் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தேன். தலைக்கு மேலே மச்சில் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ அண்ணன் தம்பி, வயல் பிரிப்பது பற்றி. ரகசியமாகத்தான் பேசினார்கள். ஆனால் பலகை இடுக்கு வழியாக ஒவ்வொரு சொல்லும் என் காதில் நேராக வந்து விழுந்தது. ஒருவர் பெருமூச்சு விட்டதுகூடக் கேட்டது. இரண்டடி தள்ளிப் போட்டிருந்த மேஜையில் உட்கார்ந்தால் இது கேட்காது. எத்தனையோ வருஷமாக அந்த மேஜையில் உட்கார்ந்தவன் நான். கல்லாவில் மட்டும்தான் கேட்கும்.

லாத்தாவுக்குக் காது எட்டும் என்று ஊரே சொல்லும். இவ்வளவு என்று நான் நினைக்கவில்லை. அண்ணன் பாஸ்போர்ட் கொடுத்த பெஞ்சு இதற்கு நேர் மேலேதான். நாங்கள் இறங்கிய பிறகும் ஏஜென்ட் அங்கேதான் போனில் பேசிக்கொண்டிருந்தார். 

லாத்தா தொழுதுவிட்டு வந்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“அன்னிக்கு நாங்க எறங்கினப்புறம் உங்க மருமகன் போன்ல என்ன பேசுனாரு லாத்தா?”

அவர் என்னைப் பார்த்தார். மேலே பார்த்தார். அந்த இருவரும் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

“எந்திரி தம்பி. ஆளு வருது.”

யாரும் வரவில்லை. வெளியே மழைதான் பெய்தது. நான் எழுந்து அந்த மழையிலேயே போய்விட்டேன். அதன்பிறகு பலகைக் கடைக்கு நான் போகவில்லை.

தை பிறந்த பிறகு அண்ணன் பேசினான். யாருடைய போனிலிருந்தோ பேசினான். குரலே மாறியிருந்தது. பாலைவனத்தில் ஆட்டுப்பட்டியில் கிடக்கிறான். ஒட்டகமும் உண்டு. வண்டியும் இல்லை, கம்பெனியும் இல்லை. பாஸ்போர்ட் முதலாளி கையில். சுற்றுவட்டாரத்தில் பேச ஒரு மனிதன் இல்லை. “அம்மாகிட்ட சொல்லாதடா,” என்றான். அம்மா என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

நான் நேரே பலகைக் கடைக்குப் போனேன்.

“உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்க.”

“தெரியும்,” என்றார் லாத்தா.

அவர் மழுப்புவார் என்று நினைத்துத்தான் வந்திருந்தேன். 

“ஏன் சொல்லலை?”

“மேல பேசுனதை நான் கீழ சொல்லிட்டா, இந்தப் படியில எவன் ஏறுவான்?”

“மருமகன்ங்கிறதால இல்லையா?”

கொழுந்தனார் டீ ஆற்றுவதை நிறுத்தினார். 

“அதுவுந்தான்,” என்றார் லாத்தா.

நான் வெளியே வந்து சைக்கிளைப் பிடித்தபோது, பின்கட்டு வாசலில் மகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதுவரை தெரியாது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

அந்த வருஷம் ஐப்பசியோடு மழை நின்றுவிட்டது, கடைமடைக்கு ஆற்றுத் தண்ணீரும் வந்து சேரவில்லை. வயல்காட்டுப் பக்கம் பயிர் பால் பிடிக்காமலே காய்ந்தது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வெளிநாடு போக அலைந்தார்கள். ஏஜென்ட் அவர்களைப் பலகைக் கடை மச்சுக்கு வரச்சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தகவல் வந்தது. நான் கடையிலிருந்து பெரிய ஸ்பேனர் ஒன்றை எடுத்துப் பேப்பரில் சுற்றிக்கொண்டேன். எங்கள் தெருப் பையன்கள் இரண்டு பேர் கூட வந்தார்கள்.

நாங்கள் போனபோது அவர்கள் ஏற்கெனவே மச்சில் இருந்தார்கள். இளவட்டங்கள் சிலர், அவர்களுடைய தகப்பன்மார்கள், ஏஜென்ட். நாங்கள் படிக்கு எதிரே இருந்த மேஜையில் உட்கார்ந்தோம். பொட்டலத்தை மேஜைமேலேயே வைத்தேன். அவர் இறங்கி வரட்டும் என்று காத்திருந்தோம்.

“அது என்ன தம்பி?” என்றார் லாத்தா.

“கடைச் சாமான்.”

“கடைச் சாமானைக் கடையில வச்சுட்டு வா.”

“முடியாது லாத்தா.”

கடையில் இருந்த பெரியவர் ஒருவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே போனார். இன்னொருவர் வாசலில் நின்று போனை எடுத்தார். எதிர்வரிசைக் கடைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அங்கே அடி விழுந்தால் அது ஒரு ஏஜென்டுக்கு விழுந்த அடியாக இருக்காது. மீன்காரத் தெரு, கடைத்தெருவில் புகுந்து அடித்ததாகத்தான் ஆகும். சாயங்காலத்துக்குள் எங்கள் படகுகளும் அவர்கள் கடைகளும் என்ன ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது. எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் நான் எழுந்து போகவில்லை.

மேலே ஏஜென்டின் சிரிப்பு கேட்டது.

லாத்தா எழுந்தார். மச்சில் ஆண்கள் இருக்கும்போது அவர் அந்தப் படியில் கால் வைத்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. முழங்கால் வலி வேறு. கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக, நின்று நின்று ஏறினார். மரப்படி முனகியது. கொழுந்தனார் அடுப்பை அணைத்தார். கடையில் ஒரு சத்தம் இல்லை. அதனால் அன்றைக்கு மேலே பேசியது கல்லாவுக்கு மட்டுமல்ல, கடை முழுக்கக் கேட்டது.

“உக்காருங்க, எந்திரிக்க வேணாம். நான் இந்தக் கடைக்காரி. இவரு என் மகளைக் கட்டுனவரு.”

“மாமி, என்ன இது? கீழ போங்க.”

“இதே பெஞ்சிலதான் மீன்காரத் தெருப் பையனை உக்காரவச்சு டிரைவர் வேலைன்னு சொன்னாரு. பையன் எறங்கினதும் கூட்டாளிக்குப் போன் போட்டு, ‘பட்டிக்கு ஒரு ஆளு சிக்கிருச்சு’ன்னு சொல்லிச் சிரிச்சாரு. நான் கீழ இருந்து கேட்டேன். கேட்டுட்டுப் பேசாம இருந்தேன். அன்னிக்கு ராவு இவருக்கு நான்தான் சோறு போட்டேன். அந்தப் புள்ள இப்ப பாலைவனத்துல ஆட்டோட ஆடாக் கெடக்கு.”

மேலே யாரோ பெஞ்சை நகர்த்திக்கொண்டு எழுந்தார்கள்.

“மாமி, உங்களுக்குப் புத்தி பெரண்டு போச்சா?”

“இருக்கட்டும் மாப்பிள்ளை. இவங்க புள்ளைங்க பாஸ்போர்ட்டைக் குடுங்க. குடுத்தீங்கன்னா நான் கீழ போயிர்றேன்.”

 ஒரு பையின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு வயல்காட்டு ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாக வந்த தகப்பன் ஒருவர் மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். அவர் யாரையும் பார்க்கவில்லை. மகன் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே தெருவில் இறங்கிவிட்டார்.

லாத்தா இறங்கினார். அவருக்குப் பின்னால் ஏஜென்ட். நாங்கள் மூன்று பேரும் எழுந்துவிட்டோம். லாத்தா கடைசிப் படியிலேயே நின்றுகொண்டார். அவரைத் தள்ளாமல் நாங்கள் ஏஜென்டிடம் போக முடியாது.

“வழிய விடு தம்பி,” என்றார் லாத்தா.

“லாத்தா, நகருங்க.”

“இவரு அடி வாங்கிட்டுப் போனா ஊரு இவரு பக்கம் போயிரும். சும்மா போனாத்தான் நாளைக்கு ஜமாஅத்துல நான் பேச முடியும். உனக்கு அடிக்கணுமா, உன் அண்ணன் வரணுமா?”

என் கையில் ஸ்பேனர் கனத்தது. கூட வந்தவர்கள் என்னையே பார்த்தார்கள். நான் ஒதுங்கினேன். எப்படி ஒதுங்கினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

ஏஜென்ட் வாசல்வரை போய்த் திரும்பினார். “மாமி, இந்த வாசலைத் தாண்டுனா உங்க வீட்டுப் படியேற மாட்டேன். உங்க மகளுக்கு நீங்களே பதில் சொல்லிக்கங்க.”

பின்கட்டு வாசலில் மகள் நின்றாள். இடுப்பில் குழந்தை. லாத்தா திரும்பி அவளைப் பார்த்தார். அவள் உள்ளே போய்விட்டாள். ஏஜென்டும் போய்விட்டார்.

சொன்னபடியே லாத்தா பள்ளிவாசல் ஜமாஅத்தில் போய்ப் பேசினார். பொம்பளை நேரில் வர வேண்டாம், எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்களாம். நேரில்தான் சொல்வேன் என்று வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அண்ணனை அழைத்து வரும் பொறுப்பை ஏஜென்ட் தலையில் வைத்தார்கள். இழுத்தடித்தார். நோன்பும் பெருநாளும் போயின. கடைசியில் அண்ணன் வந்தான்.

அதற்குள் பலகைக் கடையில் மச்சு வெறிச்சோடிவிட்டது. லாத்தா செய்தது சரி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் யாரும் மேலே ஏறவில்லை. கீழே நின்றபடியே டீ குடித்துவிட்டு மீன் விலையும் மழையும் பேசிவிட்டுப் போனார்கள். பேச வேண்டியதைப் பேச பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். வலைச் சண்டை போட்ட அந்த இரண்டு படகுக்காரர்களும்கூட அங்கேதான் போனார்கள். மகள் வெகுநாள் லாத்தாவோடு பேசவில்லை. ஒரே அடுப்பில் சமைத்தார்கள், ஒரு வார்த்தை கிடையாது. லாத்தா அதைப் பற்றி யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. இப்போது லாத்தா இல்லை. கடையை அந்த மகள்தான் நடத்துகிறாள்.

அண்ணன் வந்த பிறகு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

திரும்பி வந்த அண்ணன் பேசவே இல்லை. சோற்றைத் தட்டில் வைத்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவான். ராத்திரியெல்லாம் கண்ணை மூடமாட்டான். அங்கே என்ன நடந்தது என்று அம்மா கேட்டாள், நான் கேட்டேன், கூட்டாளிகள் கேட்டார்கள். எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விடுவான். அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தெருவில் பேச ஆரம்பித்தார்கள்.

ஒரு மத்தியானம் சட்டையை மாட்டிக்கொண்டு பலகைக் கடைக்குப் போனான். லாத்தாவை ஏதாவது செய்துவிடுவானோ என்று நானும் அம்மாவும் பின்னாலேயே ஓடினோம். அவன் கல்லாவுக்கு எதிரே ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

“என்னைத் திட்டணும்னா திட்டு தம்பி,” என்றார் லாத்தா. “நான் அன்னிக்கே வாயத் தொறந்திருந்தா நீ போயிருக்கவே மாட்ட.”

அவன் திட்டவில்லை. மெதுவாக என்னவோ சொல்ல ஆரம்பித்தான். லாத்தா எங்களைப் பார்த்து வெளியே இருக்கும்படி கையைக் காட்டினார். கொழுந்தனாரும் அடுப்பை விட்டுவிட்டு எங்களோடு தெருவுக்கு வந்துவிட்டார். வெயிலில் நின்றோம். உள்ளே அண்ணன் பேசிக்கொண்டே இருந்தான். டீ குடிக்க வந்தவர்களையெல்லாம் கொழுந்தனார், “செத்த பொறுங்க,” என்று நிறுத்திவைத்தார். வெயில் இறங்குகிற நேரத்தில் அண்ணன் வெளியே வந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டே எங்களைத் தாண்டி வீட்டைப் பார்த்து நடந்தான்.

அம்மா உள்ளே போய் லாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன சொன்னான் என் புள்ள? எனக்கு மட்டும் சொல்லுங்க.”

லாத்தாவின் கண் கலங்கியிருந்தது. அவர் அம்மாவின் கையை விடவில்லை. சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

“அழுதான்,” என்றார். “வீட்டுக்குப் போ. இன்னிக்குத் தூங்குவான். எழுப்பாத.”

அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. நாங்கள் வீட்டுக்குப் போனபோது அண்ணன் வாசல் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அம்மா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, இருட்டுகிற வரைக்கும் ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள்.